சைவபோசனத்தின் விதியும் விலக்கும்

ஆன்மாக்கள் மலநீக்கம் பெற்றுத் தம் திருவடியை அடைதற்பொருட்டுச் சிவபெருமான் தநு கரண புவன போகங்களைத் தந்தருளினார் என்பது நம் சித்தாந்தம். இவற்றுள் தநு என்பது உடம்பு. திருக்கோயிலைத் தரிசிக்குங் கண்ணும், திருமுறையை ஓதும் நாவும், வலம்வருங் காலும், தொண்டு செய்யுங் கையும் இவ்வுடம்பின் உறுப்புக்களே. ஆகவே உடம்பைப் பேணுதல் உடம்பின்மேல் வைத்த வீணாசையன்று. இறைவன் தந்த கருவியைப் பழுதுறாமற் காத்தலாம். அக்கருவியைக் காப்பனவற்றுள் தலையாயது உணவு.

எவ்வொழுக்கத்துக்கும் விதியென்றும் விலக்கென்றும் இரண்டு உண்டு. இதனைச் செய்க என்பது விதி. இதனைச் செய்யற்க என்பது விலக்கு. சைவபோசனத்தைப் பற்றி நம் பாடசாலைகளிற் கற்பிப்பனவற்றை நோக்கினால், விலக்கு நன்றாகவே கற்பிக்கப்படுகின்றது. கொல்லலாகாது, புலாலுண்ணலாகாது, கள்ளுண்ணலாகாது என்பவற்றைக் கீழ்வகுப்புப் பிள்ளையும் தடையின்றிச் சொல்லும். ஆனால், புலாலை நீக்கிய இலையில் எதனைப் படைத்தல் வேண்டும் என்று வினாவினால், மேல்வகுப்பு மாணாக்கரும் விடை கூறமாட்டாது நிற்பர். விலக்கு மாத்திரம் அறிந்து விதியை அறியாதிருத்தல், களையைப் பிடுங்கிவிட்டு விதையை இடாது வயலைப் பார்த்திருப்பது போலும்.

இக்காலத்து நம்மூர் வீடுகள் சிலவற்றில் வழங்கும் ஒருநாளுணவை எண்ணிப் பார்க்க. காலையில் வெள்ளைப் பாணும் சீனியிட்ட தேநீரும். நண்பகலில் நன்றாகத் தீட்டிய வெள்ளையரிசிச் சோறும் உருளைக்கிழங்குக் கறியும் அப்பளமும் பொரித்த மிளகாயும். மாலையிற் கடையில் வாங்கிய விசுக்கோத்தும் மீண்டும் தேநீரும். இரவிற் கோதுமைமாப் பிட்டும் சம்பலும். இவ்வுணவில் மச்சமுமில்லை, மாமிசமுமில்லை. விலக்கு முற்றும் காக்கப்பட்டது. எனினும் பருப்பில்லை, கீரையில்லை, பழமில்லை, மோருமில்லை. மாச்சத்தே நான்கு வேடம் பூண்டு நான்கு வேளையும் வந்துபோயிற்று.

இங்ஙனம் உண்டு வளரும் பெண்பிள்ளையொருத்தி பன்னிரண்டு பதின்மூன்று வயதில் முகம் வெளிறிப் படிகளில் ஏறும்போது இளைக்கின்றாள். வகுப்பிற் பாடத்தின் நடுவே தலை சாய்க்கின்றாள். அயலார் பார்த்து, “சைவச் சாப்பாட்டினாலேதான் பிள்ளை இப்படி இருக்கிறாள், மச்சங் கொடுங்கோ, தேறுவாள்” என்கின்றனர். தாய் அஞ்சுகின்றாள். ஒன்று, தலைமுறை தலைமுறையாகக் காத்த ஒழுக்கத்தை அச்சத்தினால் விடுகின்றாள். அன்றேல், ஒழுக்கத்தைக் காத்துப் பிள்ளையை வாடவிடுகின்றாள். இவ்விரண்டும் வேண்டியதில்லை. குற்றம் விலக்கினிடத்தில் இல்லை. விதியை மறந்தமையிலேயே உள்ளது. தாய்மாருக்கு அவ்விதியை எடுத்துச் சொல்லத் தக்கவர் ஊரில் யாவரெனின், நாடோறும் அவர்தம் மக்களைக் காணும் சைவ ஆசிரியரே. ஆதலால் அவ்விதியை ஐந்து பகுதியாக வகுத்து ஈண்டுக் கூறுதும்.

க. தானியம்

நெல்மணியை உரித்துப் பார்க்க. புறத்தே உமி, அதனுள்ளே தவிடு, ஒரு முனையில் முளைக்கரு, நடுவே வெள்ளிய உள்ளரிசி. உள்ளரிசி பெரும்பாலும் மாச்சத்து. விற்றமின்களும் இரும்பு முதலிய தாதுக்களும் நார்ச்சத்தும் தவிட்டிலும் முளைக்கருவிலுமே மிகுதியாக உள்ளன. இயந்திரத்தில் மீண்டும் மீண்டும் தீட்டுந்தோறும் அரிசி வெளுக்கின்றது; வெளுக்குந்தோறும் சத்து நீங்குகின்றது.

இதனை உலகம் அறிந்துகொண்ட வரலாறு மாணாக்கருக்குச் சொல்லத்தக்கது. யாவாத் தீவில் ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்திற் பெரிபெரி என்னும் நோய் பரவியது. கால் மரத்தலும், தசை தளர்தலும், இருதயம் சோர்தலும் அதன் குறிகள். கிறித்தியான் எயிக்மான் என்னும் வைத்தியர் 1890ஆம் ஆண்டையொட்டி அதனை ஆராய்ந்தபொழுது, அவர் வளர்த்த கோழிகளும் அந்நோயை ஒத்த தளர்ச்சியுற்றன. சில காலத்தின் பின் மருந்தின்றியே தேறின. காரணத்தைத் தேடியபொழுது, கோழிகளுக்கு முன்னர் இராணுவ வைத்தியசாலையில் மிஞ்சிய வெள்ளையரிசிச் சோறு இடப்பட்டதென்பதும், புதிதாக வந்த சமையற்காரன் அதனைக் கொடுக்க மறுத்தமையால் தீட்டாத அரிசி இடப்பட்டதென்பதும் வெளியாயின. தவிட்டோடு உண்டவை தேறின. தவிடின்றி உண்டவை தளர்ந்தன. 1912இல் கசிமிர் பங்கு என்பவர் இத்தகைய நுண்பொருள்களுக்கு விற்றமின் என்னும் பெயர் தோன்றுவதற்குக் காரணராயினார். தவிட்டிலிருந்த அப்பொருள் 1926இல் யாவாவிலேயே தனியே பிரித்தெடுக்கப்பட்டது; தயமின் என்பது அதன் பெயர். 1929இல் எயிக்மானுக்கு நோபெற் பரிசு வழங்கப்பட்டது.

பேரறிஞர் ஆய்ந்து கண்ட இவ்வுண்மைக்கு இசைந்த வழக்கமொன்று நம் முற்றங்களிலே முன்னரே இருந்தது. அஃதாவது நெல்லை ஊறவிட்டு, அவித்து, உலர்த்தி, உரலிற் குத்தும் வழக்கம். நெல்லை உமியோடு புழுக்கும்பொழுது தவிட்டிலுள்ள தயமினின் ஒரு பங்கு வெந்நீரோடு உள்ளரிசியிற் சுவறுகின்றது. ஆதலாற் பின்னர்த் தீட்டினும் புழுங்கலரிசி பச்சையரிசியைப் போல் அத்துணை சத்திழப்பதில்லை. மொட்டைக்கறுப்பன் போன்ற செந்நெல்லைப் புழுக்கிக் குத்திய அரிசியே அன்றாட உணவுக்கு ஏற்றது. அது கிடையாவிடின், கடையிலே சிறிதே தீட்டிய புழுங்கலரிசியைக் கேட்டு வாங்குக. தவிட்டிலுள்ள எண்ணெய் நாட்பட்டாற் சிக்கு நாற்றம் அடையுமாதலின், குத்தரிசியைப் பலமாதத்துக்கென்று சேர்த்துவையாது சிறிது சிறிதாகக் கொள்ளல் வேண்டும்.

கோதுமையைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். கோதுமை நம் நாட்டு விளைபொருளன்று. இரண்டாம் உலகமகாயுத்தத்தில், 1942இல் பர்மா யப்பானியர் வசமானபொழுது அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அக்குறையை நிரப்பக் கோதுமைமா வந்து நம் அடுக்களையில் இடம் பெற்றது. யுத்தம் முடிந்தது, மா போகவில்லை. கோதுமை நஞ்சென்று நாம் கூறவில்லை. தவிடும் முளையும் நீக்கிய வெள்ளை மாவைக் காலையும் இரவும் உண்பதே குற்றம். பிட்டுக்கு அரிசிமாவையும் குரக்கன்மாவையும் கலந்து கொள்ளின் அக்குற்றம் பெரிதும் நீங்கும். குரக்கனில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அரிசியில் உள்ளது 10 மில்லிகிராமையொட்டிய அளவே. எலும்பு வளரும் பருவத்துப் பிள்ளைக்குக் கிழமையில் மும்முறை குரக்கன் பிட்டோ, கூழோ, ரொட்டியோ கொடுத்தல் நன்று. ஒடியல்மாவை நீரில் ஊறவிட்டுக் கசப்பு நீங்கப் பிழிந்து அவித்த பிட்டும் இடையிடையே ஆகும்.

உ. பருப்பு வகை

சைவ வீட்டிற் புலாலுக்கு ஈடாக நிற்கவேண்டியது கிழங்கன்று, பருப்பு வகையே. தசையும் குருதியும் ஆதற்கு வேண்டிய புரதம், அமினோவமிலங்கள் எனப்படும் பல கூறுகளால் ஆயது. அவற்றுட் சிலவற்றை உடம்பு தானே ஆக்கிக்கொள்ள வல்லதன்று. உணவினின்றே பெறல் வேண்டும். அரிசியின் புரதத்தில் இலைசீன் என்னும் கூறு குறைவு. பயறு, உழுந்து, கடலை, துவரை முதலியவற்றில் அது மிகுதி. பருப்பு வகையிற் குறைவான மெதியோனீன் என்னும் கூறு அரிசியில் உண்டு. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. ஆதலின் சோறும் பருப்பும் சேர்ந்தவிடத்து, தனித்தனியே அவற்றுக்கில்லாத நிறைவு உண்டாகின்றது. ஒரே வேளையிற்றான் சேர்த்தல் வேண்டுமென்பதில்லை. ஒரே நாளில் இரண்டும் அமைந்தாற் போதும்.

எனினும், பருப்பு என்பது சோற்றின்மேல் ஒரு கரண்டி நீர்த்த குழம்பாக அமைதல் போதாது. வளரும் பிள்ளைக்கு நாடோறும் ஒருவேளையேனும் கெட்டியான பருப்புக்கறியோ, அவித்த கடலையோ, பயறோ ஒரு சிறு கிண்ணம் இருத்தல் வேண்டும். கடலையும் பயறும் இரவில் ஊறவிட்டு அவித்தால் எளிதிற் சீரணிக்கும். ஊறிய பயற்றை ஈரத்துணியிற் கட்டி முளைவிடச் செய்தால், அதில் முன்னர் இல்லாத விற்றமின் சீ தோன்றுகின்றது. இரும்பு உடம்பிற் சேர்வதைத் தடுக்கும் பைற்றேற்று என்னும் பொருளும் குறைகின்றது. பருவமெய்திய பெண்பிள்ளைக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுக்கும் நம் வழக்கம் ஒருகிழமைச் சடங்காக முடிதல் தகாது. உழுந்தும் எள்ளும் அவளுக்கு அதன்பின்னரும் மாதந்தோறும் வேண்டப்படுவனவே.

இவ்வுண்மையை அரசாங்கமும் ஒப்பியுள்ளது. கருப்பிணிகளுக்கும் பாலூட்டுந் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் வழங்கப்பெறும் திரிபோஷா, 1973இல் தொடங்கியது. அதன் உறுப்புக்கள் சோளம், சோயா, பால்மா என்பன. தானியமும் பருப்பும் பாலும் என்னும் நம் அடுக்களையின் பழைய கூட்டே அது.

ங. கீரையும் குருதியும்

இனி மேலே கூறிய பெண்பிள்ளையின் வெளிறிய முகத்துக்கு வருவாம். குருதிச்சோகைக்குக் காரணம் பல. அவற்றுள் இரும்புச்சத்துக் குறைவு முதன்மையானது. மாமிசத்திலுள்ள இரும்பு உடம்பில் எளிதிற் சேரும். தாவரங்களிலுள்ள இரும்பு அத்துணை எளிதிற் சேராது. இஃது உண்மை. உண்மையை மறைத்துப் பேசுதல் சைவத்துக்குத் துணையாகாது. ஆனால், தாவர இரும்பைச் சேரச் செய்யும் துணையும், சேரவொட்டாது தடுக்கும் பகையும் இவையென்று நன்கு அறியப்பட்டுள்ளன. துணையைச் சேர்த்துப் பகையை விலக்கினால், சைவ உணவே குருதிக்கு வேண்டியதைப் பெரிதும் அளிக்கும்.

துணையாவது விற்றமின் சீ. தேசிக்காய், நெல்லிக்கனி, கொய்யாப்பழம், மாங்காய் என்பவற்றில் அது மிகுதி. கீரைக்கறியையும் பருப்பையும் உண்ணும் அதே வேளையில் இவற்றுள் ஒன்று சேர்ந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். இச்சத்து நெருப்பின் வெம்மையாற் கெடும். சட்டியை இறக்கியபின் தேசிக்காய்ப்புளி விடவேண்டுமென்று நம் பாட்டிமார் கூறியதற்குச் சுவை மாத்திரம் காரணமாயிருந்திருக்கலாம். ஆயினும் அது சத்துக்கும் நன்றாயிற்று.

பகையாவது தேநீர். அதிலுள்ள துவர்ப்புப் பொருள் தாவர இரும்பைப் பற்றிக்கொண்டு உடம்பிற் சேரவொட்டாது தடுக்கின்றது. உண்ட கையோடு தேநீர் பருகும் வழக்கம், முருங்கையிலை வறையை இலையிலிட்டு அதன் பயனை எடுத்தெறிவதாகும். தேநீரை முற்றும் நிறுத்துக என்று நாம் கூறவில்லை. போசனத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் விலக்கிப் பருகுக என்றே கூறுகின்றோம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. சிறுபிள்ளைகளுக்கோ தேநீர் வேண்டுவதேயில்லை.

முருங்கை, அகத்தி, பொன்னாங்காணி, வல்லாரை, முளைக்கீரை, முசுட்டை, தவசிமுருங்கை என எத்தனையோ இலைகள் நம் வேலியிலும் கிணற்றடியிலும் வளர்கின்றன. இவற்றை நாடோறும் மாற்றி மாற்றி உண்க. கீரையிலுள்ள கரோற்றீன் என்னும் பொருள் உடம்பில் விற்றமின் ஏ ஆகிக் கண்ணொளியைக் காக்கும். அது சேர்வதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும். தேங்காய்ப்பூ இட்ட வறையிலும் தேங்காய்ப்பால் விட்ட சொதியிலும் அக்கொழுப்பு அமைந்தே இருக்கின்றது. இலையைக் கழுவியபின் அரிக. அரிந்தபின் கழுவினால் நீரிற் கரையும் சத்து நீரோடு போம். நெடுநேரம் வேகவிடாது, நிறங் கெடுமுன் இறக்குக.

குருதிச்சோகை கண்ட பிள்ளைக்குக் கீரை மாத்திரமே மருந்தென்று எண்ணி இருந்துவிடலாகாது. வைத்தியரிடம் காட்டிக் குருதியைச் சோதித்தல் வேண்டும். அவர் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காக விழுங்குதலும், வயிற்றுப் புழுவுக்கு மருந்து கொள்ளுதலும் வேண்டும். உணவு நோய் வராது காக்கும். வந்த நோயைத் தீர்த்தற்கு வைத்தியமும் துணையாதல் வேண்டும்.

ச. பாலும் மோரும்

விற்றமின் பீ 12 என்பது குருதிக்கும் நரம்புக்கும் இன்றியமையாதது. இது தாவர உணவுகளில் நம்பத்தக்க அளவில் இல்லை. புலால் நீக்கிய சைவருக்கு இதனை அளிக்கும் இயற்கையுணவு பாலும் தயிரும் மோருமே. இதன் குறை மெல்ல மெல்லப் பல ஆண்டு கழிந்தே தோன்றுமாதலாற் பலர் அறிவதில்லை. கைகால் விறைப்பு, மறதி, சோர்வு என்பன முதியோரிடத்துக் காணப்பட்டால் மூப்பென்று தள்ளிவிடாது வைத்தியரிடம் சோதித்தறிதல் வேண்டும். பாலையும் விலக்கி நோற்போரும், பால் ஒவ்வாதோரும், கருவுற்ற சைவப் பெண்டிரும் இச்சத்தை மருந்தாகப் பெறுதலைப்பற்றி வைத்தியரைக் கேட்டறிக. மருந்தாகக் கொள்ளுதல் ஒழுக்கக் குறைவன்று.

நம் பெரியோர் போசனத்தின் முடிவில் மோர் வார்த்துண்ணும் வழக்கத்தை வைத்தனர். அவ்வழக்கம் இன்று கலியாணப் பந்தியளவிற் குறுகிவிட்டது. 2022இல் நாட்டைத் தாக்கிய பொருளாதார நெருக்கடியிற் பால்மாவின் விலை ஏழை வீடுகளுக்கு எட்டாதபடி உயர்ந்தது. அந்நாளிற் பாலைக் கைவிட்ட குடும்பங்கள் சில, விலை பழகியபின்னும் திரும்பவில்லை. ஒரு குவளை பால் ஐவருக்குப் போதாது; அதனையே உறையிட்டுத் தயிராக்கினால் ஐவர் இலையிலும் சிறிது சிறிதாகப் படைக்கலாம். பால் வாங்கும் பொருளில்லாதார் தேநீருக்கிடும் சீனியைக் குறைத்து அப்பொருளைப் பாலுக்கு மாற்றுதல் தகும். ஊரில் ஒரு பசு வளர்ப்பார் உளராயின், கோயிலுக்கும் அவ்வீட்டுக்கும் அயலுக்கும் அது துணை.

ரு. சமைக்கும் முறையும் உண்ணும் அளவும்

நல்ல பொருளை வாங்கித் தீய முறையாற் சமைத்தல் நிறைகுடத்தை ஓட்டைக் குடத்தில் ஊற்றுதல் போலும். அரிசியைப் பலமுறை பிசைந்து கழுவுதல் வேண்டா. கல்லும் தூசியும் நீங்குமளவுக்குக் கழுவினாற் போதும். மிகுந்த நீரில் அவித்துக் கஞ்சியை ஊற்றிவிடுதல் தயமின் முதலியவற்றை ஊற்றிவிடுதலேயாம். அளவான நீர் விட்டு வற்றச் சமைக்க. வடிப்பதாயின் வடிகஞ்சியை மோரும் உப்பும் இட்டுப் பருகுக, அன்றேல் இலைக்கஞ்சிக்குக் கொள்க.

பிட்டு, இடியப்பம், கொழுக்கட்டை, மோதகம் என்பன எல்லாம் நீராவியில் அவிவன. எண்ணெயிற் பொரித்தலினும் அவித்தல் மேலானது. ஒருமுறை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுதல் கேடு. உப்பை முதிர்ந்தவர் ஒருவர் ஒருநாளில் 5 கிராமுக்கு உட்பட, அஃதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள், கொள்ளுதல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய் மூன்றும் ஒரே இலையில் அமைந்தால் அவ்வளவு எளிதிற் கடந்துவிடும். சைவ விருந்தென்றால் பொரியலும் ஊறுகாயும் என்று எண்ணுவதும் விதியை மறந்ததன் பயனே.

சீனியைப் பற்றிச் சொல்லுங்கால், இலங்கையில் 2016ஆம் ஆண்டிலிருந்து மென்பானப் போத்தல்களிற் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி இடப்படவேண்டுமென்னும் ஒழுங்கு வந்தமையை மாணாக்கருக்கு அறிவித்தல் நன்று. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டாற் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தாற் பச்சை, இடைப்பட்டதற்குச் செம்மஞ்சள். போத்தலின் படத்தைப் பார்ப்பதினும் குறியைப் பார்க்கப் பழக்குக. பனங்கட்டி இயற்கையானது என்று அளவின்றி உண்பாரும் உளர். அதுவும் இனிப்பே, நீரிழிவுள்ளவர்க்கு அதற்கும் அளவு வேண்டும். இயற்கை என்னும் பெயர் அளவின்மைக்கு அனுமதிச் சீட்டன்று.

திருக்குறளில் மருந்து என்னும் பெயருடைய அதிகாரம் 95ஆவது. மருந்தென்று பெயரிட்ட அவ்வதிகாரத்தில் வேரும் மூலிகையும் கூறப்படவில்லை. பாதிக்கு மேற்பட்ட குறள்கள் உண்டது அற்றபின் அளவறிந்து உண்ணுதலையே கூறுகின்றன. பசியறிந்து உண்ணலும், வயிறு நிரம்புமுன் எழுதலும், பொறுமையாக மென்று உண்ணலும் எவ்வுணவுக்கும் பொதுவிதி.

விழாக்களிற் காணும் விதி

இதுகாறும் கூறிய விதி புதியதன்று என்பதற்கு நம் விழாக்களே சான்று. தைப்பொங்கலில் அரிசியும் பயறும் பாலும் சேர்கின்றன. ஆடிப்பிறப்பன்று காய்ச்சும் கூழில் அரிசிமாவும் பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்கின்றன. விநாயகப்பெருமானுக்குப் படைக்கும் மோதகத்தின் உள்ளே பயறும் தேங்காய்ப்பூவும், புறத்தே அரிசிமாவும் இருக்கின்றன. நவராத்திரியில் அவலும் கடலையும் நிவேதிக்கின்றோம். தானியத்தோடு பருப்பு சேராத நிவேதனம் அரிது. இறைவனுக்குப் படைப்பதை இவ்வாறு நிறைவாக அமைத்த நாம், அவ்விறைவன் தந்த பிள்ளைகளின் இலையில் மாத்திரம் அந்நிறைவை மறத்தல் தகுமோ? நவராத்திரியன்று ஒவ்வொரு வகுப்பிலும் நிவேதனப் பொருள்களை ஆசிரியர் எடுத்துக் காட்டி, இஃது இதற்கு, அஃது அதற்கு என்று கூறினால், சமயபாடமும் சுகாதாரபாடமும் ஒருங்கே நிகழும்.

பாடசாலையிற் கற்பிக்கும் முறை

முதல்நாட் பாடத்தில் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வாழையிலை வரைந்து, அதனை நான்கு கூறாக்குக. தானியம், பருப்பு, கீரையும் காயும் பழமும், பாலும் மோரும் என எழுதுக. மாணாக்கர் தம் கொப்பியில் அவ்வாறே வரைந்து, முன்னாள் உண்டவற்றை உரிய கூற்றில் எழுதுக. வெறுமையாக நின்ற கூறு எதுவென்பதை ஒவ்வொருவரும் தாமே காண்பர். இங்கே ஆசிரியர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். எவரையும் எழுப்பி நிறுத்தி, நீ என்ன உண்டாய் என்று யாவரும் கேட்க வினாவலாகாது. உண்ணாது வந்த பிள்ளையும் அவ்வகுப்பில் இருத்தல் கூடும். கொப்பியைத் தனித்துப் பார்த்து, வேண்டுமாயின் பெற்றாரோடு மெல்லப் பேசுக.

இரண்டாம்நாள், நெல், குத்தரிசி, தீட்டிய அரிசி, தவிடு என்பவற்றை நான்கு சிரட்டைகளில் வைத்துக் காட்டுக. எயிக்மான் வரலாற்றைச் சொல்லுக. மூன்றாம்நாள், பயற்றை ஈரத்துணியிற் கட்டிவைத்து முளைத்தபின் எல்லோரும் உண்க. அடுத்த கிழமை, பாடசாலை வேலியில் ஒரு முருங்கைக் கதியாலை நட்டு, கிணற்றடியிற் பொன்னாங்காணித் தண்டுகளை ஊன்றுக. பெண்பிள்ளைகளுக்கு மாத்திரமன்று, ஆண்பிள்ளைகளுக்கும் இப்பாடம் உரியது. அடுக்களையை அறியாத ஆண்மகன் நாளை குடும்பத்தலைவனாகிக் கடைக்குச் செல்லும்பொழுது எதனை வாங்குவான்?

பாடத்தின் முடிவில் மாணாக்கர் மனனஞ் செய்தற்கு வினாவிடை சில:

வினா: சைவபோசனத்தின் விலக்கு யாது?
விடை: கொலையால் வரும் புலாலையும், அறிவை மயக்குங் கள்ளையும் நீக்குதல்.

வினா: அதன் விதி யாது?
விடை: தானியம், பருப்பு, கீரை காய் பழம், பால் மோர் என்னும் நான்கையும் நாடோறும் இலையில் அமைத்தல்.

வினா: அரிசியில் எவ்வரிசி நன்று?
விடை: புழுக்கி, தவிடு முற்றும் போகாமற் குத்தியது நன்று.

வினா: கீரைக்கும் பருப்புக்கும் துணை யாது? பகை யாது?
விடை: தேசிக்காய் நெல்லி முதலியன துணை, உண்ட கையோடு பருகும் தேநீர் பகை.

வினா: புலாலுக்கு ஈடாகக் கிழங்கு அமையுமா?
விடை: அமையாது, பருப்பும் பாலுமே அமையும்.

நிறைவாக ஒன்று. ஆறுமுகநாவலரவர்கள் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிப் பிள்ளைகளுக்குக் கல்வியூட்டினார்கள். 1877ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்திற் பஞ்சம் நேர்ந்தபொழுது கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்கு அன்னமும் ஊட்டினார்கள். பாடஞ் சொன்னவரே பசியையும் பார்த்தார். அவர் வழியில் நிற்கும் ஆசிரியர்களாகிய நாம், நம் வகுப்பில் வெளிறிய முகத்தோடு இருக்கும் பிள்ளையை நாளைக் காலையிலே அடையாளங் கண்டு, இம்மாதத்துக்குள் அதன் தாயோடு ஒருமுறை பேசுவோமாக. முருங்கையும் பயறும் மோரும் தேசிக்காயும் என்று நான்கு சொல்லைக் கூறி, தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிவைக்கச் சொல்லி, வைத்தியரிடம் காட்டவும் வழிகூறினால், அத்தாய் தன் ஒழுக்கத்தையும் விடவேண்டியதில்லை. தன் பிள்ளையையும் வாடவிட வேண்டியதில்லை.

திருச்சிற்றம்பலம்.